மணவிலக்கு வழக்கு முடியுமுன் மரணம்: சொத்து யாருக்கு?

கணவனும் மனைவியும் மனம் கசந்து பிரிந்து வாழ்கின்றனர். ஒருவர் மணவிலக்குக் கோரி வழக்கும் தொடுத்துவிட்டார். தீர்ப்பு முற்றுப்பெறுமுன் இருவருள் ஒருவர் இறந்துவிடுகிறார். அவர் விட்டுச்சென்ற பொருளில் மற்றவருக்குப் பங்கு உண்டா? "வழக்குப் போட்ட அன்றே உறவு அறுந்துவிட்டது, இனிப் பங்கேது?" என்று தோட்டப்புறங்களில் பலர் கூறக் கேட்கிறோம். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

முஸ்லிம் அல்லாதாரின் மணமும் மணவிலக்கும், 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள 1976ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்டவை. முஸ்லிம்களுக்குரிய முறை வேறாதலின் அதனை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும் மணவிலக்குக் கோரினால், பொதுவாக முதலில் இணக்கக் குழுவின்முன் செல்ல வேண்டும். இணக்கம் ஏற்படாவிடில் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஜொகூர் மக்களுக்கு ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் உயர்நீதிமன்றம் உண்டு. நீதிபதி முதலில் அளிப்பது ‘டிக்ரி நைசை’ எனப்படும் இடைக்காலத் தீர்ப்பே. நீதிமன்றம் காலத்தைக் குறைத்தாலன்றி, மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது முடிவான தீர்ப்பாக முடியும். அதுவரை இருவரும் சட்டத்தின் முன் கணவன் மனைவியரே. பத்தாண்டுகள் வெவ்வேறு லயங்களில் வாழ்ந்திருப்பினும் சரியே.

இடையில் ஒருவர் இறந்தால் மணவிலக்கு வழக்கு அத்துடன் நின்றுவிடும். மரணம் முடித்துவைத்த மணத்தை நீதிமன்றம் மீண்டும் முடித்துவைக்க இயலாதன்றோ! 1886இல் இங்கிலாந்தின் ஸ்டான்ஹோப் வழக்கில் கணவர் இடைக்காலத் தீர்ப்புப் பெற்ற பின் இறந்தார். அதனை முடிவான தீர்ப்பாக்குமாறு அவருடைய சொத்துப் பொறுப்பாளர் கோரியபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. எனவே, உயிருடன் இருப்பவர் மணவிலக்குப் பெற்றவரல்லர், துணையை இழந்தவர். துணைக்குரிய பங்கு அவருக்கு உண்டு.

குளுவாங் வட்டாரத்தில் பால்மரம் வெட்டும் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தார் எனக் கொள்வோம். கடனும் ஈமச்செலவும் போக 40,000 ரிங்கிட் எஞ்சியுள்ளது. வழக்கில் எதிரெதிரே நின்ற மனைவியும், இரு பிள்ளைகளும், முதிய தாயும் உள்ளனர். 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்குக் கால் பங்காக 10,000, தாய்க்கு 10,000, பிள்ளைகளுக்குப் பாதியாக 20,000 ரிங்கிட் சேரும். பெற்றோர் இல்லையெனில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகள் இன்றிப் பெற்றோர் மட்டும் இருப்பின் பாதி. மனைவி இறந்தால் கணவனுக்கும் இதே அளவுதான். 1997 ஆகஸ்ட் 31க்கு முன்னரோ, மனைவியின் சொத்து முழுவதும் கணவனுக்கே போயிற்று. இச்சமன்மை அன்று வந்ததே.

பிரிந்தபின் வேறொரு பெண்ணுடன் குடும்பம் நடத்துவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நோயில் பேணி, ஈமக்கடன் வரை உடனிருந்தவர் அப்பெண்ணாகவே இருக்கலாம். எனினும், உயில் இல்லையேல் இச்சட்டத்தில் அவருக்கு ஒரு காசும் இல்லை. சட்டப்படியான மணத்தில் பிறவாமையால், அவர் பெற்ற பிள்ளைக்கும் தந்தையின் சொத்தில் பங்கில்லை. இது கடுமையானதே, நாம் மறுக்கவில்லை.

ஆகவே, வழக்கு நடக்கும்போதே உயில் எழுதுவது நன்று. பதினெட்டு வயது நிறைந்தவர் எழுதலாம். இரு சாட்சிகள் ஒருசேர இருக்கும்போது கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய துணையோ சாட்சியாக நின்றால் அந்தக் கொடை செல்லாது. முன்பே உயில் எழுதியவர் அதை எடுத்துப் பார்க்கட்டும். மறுமணம் பழைய உயிலை நீக்கும், பிரிவு நீக்காது. உயிலில் முற்றும் ஒதுக்கப்பட்ட மனைவியோ கணவனோ, தக்க பராமரிப்புக் கேட்டு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாடவும் இடமுண்டு.

ஊழியர் சேமநிதியின் வழி தனி. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் எவர் பெயரை வாரிசாகப் பதிந்தாரோ அவருக்கே பணம் செல்லும். மணமான புதிதில் பதிந்த பெயர், பிரிந்த பின்னும், மணவிலக்குக்குப் பின்னும், தானாக நீங்குவதில்லை. மாற்ற விரும்புபவர் சேமநிதியில் புதிய பெயரைப் பதிய வேண்டும். இதற்கு நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதோர் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை அணுகலாம். துணையை இழந்து பங்கு கோருபவர் மணப்பதிவுச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் ஆகியவற்றை உடன் கொண்டுசெல்ல வேண்டும்.