விடிய விடிய ஒரு நேரலை

சென்ற வாரம் வீடியோ கசெட் காலத்தோடு நின்ற இத்தொடர் இவ்வாரம் இந்தோனேசியாவின் இணைய வீடியோவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இரவு முழுவதும் நடக்கும் ஒரு கலை சுருக்கப்படாமலே அங்கு கைப்பேசித் திரைக்கு வந்து சேர்ந்திருப்பதாகும்.

ஜாவாத் தீவின் வயாங் குலித் என்னும் தோற்பாவை நிழற்கூத்து, மகாபாரத, இராமாயணக் கதைகளைப் பெரும்பாலும் கொண்டு, இரவு ஒன்பது மணியளவில் தொடங்கி விடியும்வரை நடப்பது. தாலாங் எனப்படும் ஒரே கலைஞர் பாவைகளை ஆட்டி, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, கமெலான் எனப்படும் வெண்கல வாத்தியக் குழுவையும் தாமே வழிநடத்துவார். நள்ளிரவு கடந்ததும் கோரோ-கோரோ என்னும் பகுதியில் செமார், கரேங், பெத்ருக், பாகோங் என்ற நான்கு கோமாளிகள் தோன்றி, நாட்டு நடப்பையும் ஊர்ச் சங்கதியையும் பேசிச் சிரிக்கவைப்பர். வியாசர் அறியாத இந்நால்வரே சபையோரின் செல்லப்பிள்ளைகள். யோக்யகர்த்தாவின் கி செனோ நுக்ரோஹோ, பாகோங்கின் வாய்த்துடுக்கால் புகழ்பெற்றவர். தம் ஆட்டங்களை யூடியூபில் நேரலையாக வெளியிட்ட அவர், 2020இல் பெருந்தொற்றால் மேடைகள் அடங்கியபோது சிறு குழுவோடு வீட்டிலிருந்தே ஆடினார். அவ்வாண்டு நவம்பரில் 48ஆவது வயதில் அவர் மறைந்தார். அவருடைய இரவுகள் பதிவில் இருக்கின்றன.

கிராமத்து மேடையைப் பதிவு செய்யும் வழக்கம் அங்கு யூடியூபுக்கும் முந்தியது. இந்தித் திரையிசையின் சாயல் கொண்ட டங்டுட் பாடல்களைக் கிழக்கு ஜாவாவின் ஊர் விழாக்களில் பாடிய இனுல் தாரதிஸ்தா, திருட்டு வி.சி.டி.கள் வழியாகவே 2003 அளவில் நாடறிந்தவரானார்.

தம்பலகாமம் உள்ளிட்ட கிழக்கிலங்கையிலும் வயாங் குலித்துக்கு இணையான செல்வமாக விடிய விடிய ஆடும் கூத்து உண்டு. கூத்துப் பழகும் ஊரில் ஆசானாகிய அண்ணாவியார் ஆடுவோருக்குப் பாத்திரங்களைப் பகிரும் சட்டங்கொடுத்தலில் தொடங்கி, மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிவித்து, வட்டக்களரியில் அரங்கேற்றுவார். போர்க்கதைகள் மிகுந்த வடமோடிக் கூத்தில் மத்தளமும் சல்லரியும் விடியும்வரை ஓயா. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' முதலிய கூத்துக்களைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குரிய அளவில் சுருக்கி, படித்தோரிடையே கூத்துக்கு மதிப்புத் தேடித் தந்தார். அப்பணி பெரிது. எனினும் சுருக்கினால்தான் கூத்தைப் பார்ப்பார்கள் என்ற எண்ணமும் அதனோடு வேரூன்றிவிட்டது. யோக்யகர்த்தாவின் அனுபவம் அந்த எண்ணத்தை மறுக்கிறது.

கருவியோ பழக்கமோ இங்கு குறைவில்லை. சாமத்தியவீட்டையும் கல்யாணத்தையும் முழுநாள் படம்பிடித்து, கனடாவிலும் சுவிஸிலும் உள்ள உறவினருக்குக் கசெட்டாக அனுப்பிய சமூகம் இது. அந்தப் பொறுமையில் ஓர் இரவு கூத்துக்கும் கிடைக்கவேண்டும். ஒரு நிமிடத் துணுக்கில் சதங்கை ஒலி கேட்கும். ஆனால் ஆடுபவர் களைக்கும்போது பிற்பாட்டுக்காரர் பாட்டை ஏந்திக்கொள்வதும், அண்ணாவியார் ஒரு கண்சாடையில் தாளத்தை முடுக்குவதும் அதில் அகப்படா.

அடுத்த அரங்கேற்றம் எந்த ஊரில் நடந்தாலும், அவ்வூர் இளைஞர்கள் அண்ணாவியாரின் இசைவோடு களரியருகே ஒரு கமராவை நிறுத்தி, கட்டியகாரன் வரவு முதல் மங்களம் வரை ஒரு விருத்தமும் விடாமல் பதிவு செய்து வெளியிட வேண்டும். மூத்த அண்ணாவிமார் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.