இடுப்பு மூட்டு எலும்புத் திசு இறப்பில் மரபணுக் காரணிகள்: தமிழகப் பின்புலத்தில் ஒரு நோக்கு

திறவுச்சொற்கள்: தொடை எலும்புத் தலை, திசு இறப்பு, கொலாஜன், அரிவாள் செல் சோகை, ஆல்ஃபா தலசீமியா

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்பகுதியில் நாள் முழுதும் நின்றோ தையல் எந்திரத்தின் மிதியை அழுத்தியோ உழைப்போர்க்குத் தொடையிடுக்கில் வலி தோன்றினால், அது வேலை அலுப்பென்றே கொள்ளப்படுவது எளிது. சிலரிடம் அவ்வலி தொடை எலும்புத் தலையின் திசு இறப்பாக இருக்கக்கூடும். சில சிறு தமனிக் கிளைகளையே பெரிதும் சார்ந்துள்ள அவ்விடத்திற்குக் குருதி தடைபட்டால் எலும்பு இறந்து, நாளடைவில் மூட்டின் கோள வடிவம் சிதைகிறது. தொடக்க நிலையில் எக்ஸ்-ரே படம் இயல்பாகவே தோன்றக்கூடும், எம்.ஆர்.ஐ. படமே அதனைக் காட்டும்.

ஸ்டீராய்டு மருந்து, மிகுமது, எலும்பு முறிவு ஆகியன நன்கறிந்த காரணங்கள். எனினும் ஒரே மருந்தை உட்கொண்ட இருவருள் ஒருவர்க்கு மட்டும் நோய் வருவதேன் என்னும் வினா மரபணுவை நோக்கி இட்டுச்செல்கிறது. இரண்டாம் வகைக் கொலாஜன் மரபணுவின் மாற்றம் தலைமுறைதோறும் இந்நோயாக வெளிப்படுவதைத் தைவான் குடும்பங்களில் 2005இல் கண்டறிந்தனர். இத்தகைய குடும்பங்கள் அரியவை. குருதி உறைதலை மிகுவிக்கும் 'காரணி ஐந்து லெய்டன்' மாற்றமும் ஆராயப்பட்டுள்ளது. ஆனால் அது ஐரோப்பியரிடையே பரவலானது. அப்பட்டியலை அப்படியே இங்குப் பெயர்த்துக்கொள்வது பொருந்தாது.

தமிழகத்திற்கு நெருங்கிய சான்று அரிவாள் செல் சோகையே. 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அம்மரபணுவைக் கண்டறிந்தனர். வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் நுண்குழல்களை அடைப்பதால் எலும்புத் தலை இறக்கிறது. 1991இல் மில்னர் குழுவினர் அமெரிக்க நோயாளிகளிடம் கண்டது எதிர்பாராதது: ஆல்ஃபா தலசீமியாவும் உடனிருந்தால் இடுப்பு பாதிக்கப்படும் வாய்ப்பு மிகுகிறது. சிவப்பணுச் சிதைவு குறைந்து சோகை தணிகிறது. அதனாலேயே குருதியின் அடர்த்தி கூடுகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். ஆகவே சோகை குறைந்த நோயாளியை இடுப்பு நலமுடையவர் எனக் கருதலாகாது.

வேலூர் வட்டாரத்திலும் இருளர் வாழ்கின்றனர். பெயர் ஒன்றாயிருப்பதால் நீலகிரி இருளரின் மரபணு வீதத்தை இவர்க்கும் ஏற்றிக் கூறுதல் பிழை; தனி ஆய்வு வேண்டும். 2023இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தின் குருதிப் பரிசோதனைகள் அரிவாள் ஹீமோகுளோபினை இனங்காண்பவை. ஆல்ஃபா மரபணு இழப்பை உறுதிசெய்ய டி.என்.ஏ. சோதனை தேவை. அது செய்யப்படாதவரை, இடுப்புக்கு மிகு இடருடையோர் யாவர் என்பது அப்பரிசோதனை முடிவுகளில் புலப்படாது.