கல்லக்குடிக் கல்லும் ஒரு நுண்ணுயிரின் பெயரும்

திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குக் கிணறு வெட்டியபோது 12 அடியிலேயே பாறை வந்துவிட்டது. மதுரைச் சமவெளிக்கு அடியில் கிடப்பவை பெரும்பாலும் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறைகள். தெற்கே பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. அதுவும் வெப்பத்தில் படிகமாகிவிட்ட கல்தான். இவற்றில் புதைபடிவம் தேடுவது வீண் வேலை. ஆனால், அதே வீட்டைக் கட்ட வாங்கிய சிமென்ட் மூட்டையில் ‘அரியலூர்’ என்று அச்சிட்டிருந்தது. அந்தச் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்தது. அதையொட்டிக் கிடக்கும் களிப்பாறைகளில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்க்கூட்டத்தின் கூடுகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

அந்த உயிர்களுக்கு டைனோஃபிளாஜெல்லேட் என்று பெயர். அரியலூர் என்றதும் டைனோசர் முட்டை நினைவுக்கு வரும் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இரண்டுக்கும் உறவில்லை. டைனோசரின் பெயரிலுள்ள கிரேக்கச் சொல்லுக்கு ‘அச்சம் தருவது’ என்று பொருள். இதிலுள்ள சொல்லுக்குச் ‘சுழல்வது’. சாட்டை போன்ற இரண்டு இழைகளால் சுழன்றபடி நீந்தும் ஒற்றைச் செல் உயிர்கள் இவை. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததற்கும், அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் நீர் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதற்கும் இக்கூட்டத்தைச் சேர்ந்த நாக்டிலூகாதான் காரணம்.

நாக்டிலூகா கல்லில் தடம் விடுவதில்லை. வேறு சில இனங்கள் விடுகின்றன. வாழ்வின் ஒரு கட்டத்தில் அவை தம்மைச் சுற்றி உறுதியான கூடு ஒன்றைக் கட்டிக்கொண்டு கடலடிச் சேற்றில் உறங்கும். காலம் கனிந்ததும் கூட்டில் ஒரு வாயிலைத் திறந்து வெளியேறும். வெற்றுக்கூடு சேற்றோடு சேர்ந்து புதையும். ஒரு கூட்டின் அளவு பெரும்பாலும் 20 முதல் 150 மைக்ரான் வரை. ஆய்வகத்தில் கல்லைப் பொடித்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பையும், ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் மணலையும் களியையும் கரைத்துவிடுவார்கள். கண்ணாடியையே அரிக்கும் அந்த அமிலமும் இந்தக் கூட்டை ஒன்றும் செய்வதில்லை.

நுண்ணோக்கியில் பார்த்தால் பல கூடுகள் முட்கள் நிறைந்த பந்துகள். 1830களில் ஜெர்மனியின் எஹ்ரன்பெர்க் தீக்கல் சில்லுகளில் இவற்றைக் கண்டார். பிறகு வந்தவர்கள், இன்னதென்று புரியாமல் முட்பந்துகளுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை வகுத்து, அதில் போட்டுவைத்தார்கள். முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்கரான வில்லியம் எவிட். கூடுகளில் காணப்பட்ட ஓட்டை தற்செயலான கிழிசல் அல்ல, ஓர் இனத்தில் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருக்கிறது என்பதை 1961இல் அவர் எடுத்துக்காட்டினார். உயிர் வெளியேறிய வாயில் அது. நீந்தும் உயிரின் உடலைப் போர்த்தியிருக்கும் தகடுகளின் அமைப்பு கூட்டிலும் பதிந்திருக்கிறது. அந்தத் தகடுகளுக்கு ஒத்த பகுதிகளில் ஒன்றோ சிலவோ கழன்றால் வாயில்.

ஆகவே, இனம் காண்பதில் முதல் கேள்வி, கழன்றது எது என்பதே. பிறகு இடைக்கச்சை போலச் சுற்றி ஓடும் பள்ளம். முட்கள் அதற்கும் பிறகுதான். தாவரவியல் ஆசிரியனாக இருந்த நான் இதைக் கற்றது ஒரு பிழையில். மாணவர் ஒருவர் கொண்டுவந்த கண்ணாடித் தகட்டில் அழகான முட்களைப் பார்த்தவுடன் ‘ஸ்பினிஃபெரைட்டிஸ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதன் முட்கள் தகடுகளின் எல்லைக்கோடுகளில் நிற்பவை. நான் பார்த்ததிலோ ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு முள், இடைக்கச்சையில் ஒன்றுமில்லை, உச்சிப் பகுதி முழுவதும் கழன்றிருந்தது. அது கிரிட்டேசியஸ் காலப் பாறைகளில் உலகெங்கும் கிடைக்கும் ‘ஒலிகோஸ்ஃபெரிடியம்’. முதலாவது பேரினம் இன்றைய கடல்களிலும் கூடு விடுகிறது. என் பிழையை நம்பியிருந்தால் அந்தக் கல்லின் வயதில் பல கோடி ஆண்டுகள் புரண்டிருக்கும்.

இது ஏட்டுக் கவலை மட்டுமல்ல. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது சிப்பியும் அம்மோனைட்டும் துளைப்பானில் நொறுங்கிவிடும். இந்தக் கூடுகள் தப்பிவிடும். எந்த ஆழத்தில் எந்தக் காலத்துப் பாறை என்பதை இவற்றை வைத்தும் கணிக்கிறார்கள். சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென்று சூடேறியபோது ‘அபெக்டோடினியம்’ என்ற பேரினம் ஆர்க்டிக் வரை பரவியது. அதன் பெயரைப் பிழையாக எழுதினால் பழைய வெப்பநிலையையும் பிழையாகப் படிப்போம்.

பெயரிடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1960களில் டேவிட் வாலும் பாரி டேலும் இன்றைய கடற்சேற்றிலிருந்து உயிருள்ள கூடுகளை எடுத்துப் பொரிக்க வைத்தார்கள். வெவ்வேறு பெயர் கொண்ட கூடுகளிலிருந்து ‘கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா’ என்ற ஒரே பெயருக்குரிய உயிர்கள் வெளிவந்தன! அதனால் நீந்தும் உயிருக்கு ஒரு பெயர், கூட்டுக்கு ஒரு பெயர் என்று இரட்டைப் பெயர்களை அறிவியல் விதிகள் இன்றும் அனுமதிக்கின்றன. குழப்பம்தான், ஆனாலும் நேர்மையான குழப்பம். பல கோடி ஆண்டுப் பழமையான கூட்டிலிருந்து நீந்திப் போனதை யார் பார்த்தார்கள்?

இரட்டைப் பெயர் நமக்கும் புதிதல்ல. 1953 ஜூலையில், டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி திமுகவினர் போராடினர், மு.கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். ஊர் மீண்டும் கல்லக்குடி ஆயிற்று. நிலவியலில் மட்டும் அங்குள்ள பாறைத் தொகுதிக்கு இன்றும் ‘டால்மியாபுரம்’ என்றுதான் பெயர். அதன் சாம்பல் நிறக் களிப்பாறையிலுள்ள நுண்படிவங்களை கே.பி.ஜெயினும் தோகூர்தோ-லான்ட்ஸும் 1973இல் வகைப்படுத்தி வெளியிட்டார்கள். 10 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கடல் அது.

சுரங்கம் தோண்டுவதால் இவை அழிகின்றன என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. வெயிலும் காற்றும் பட்ட பாறையில் இக்கூடுகள் சிதைந்துவிடும். புதிதாக வெட்டிய முகப்பில்தான் நல்ல கூடுகள் கிடைக்கும். சுரங்கமே அவற்றைக் காட்டுகிறது, சுரங்கமே கொண்டுபோகிறது. ஓர் இனத்தின் பெயருக்கு ஆதாரம், கண்ணாடித் தகட்டில் ஒட்டிய ஒரே ஒரு கூடு. பதித்த பசை உலர்ந்து அது கெட்டுப்போனால், அதே பாறையிலிருந்துதான் இன்னொன்றைத் தேட வேண்டும். அந்த முகப்பு அதற்குள் சிமென்டாகியிருக்கலாம்.

தடை எதுவும் கேட்கவில்லை. சுரங்க உரிம நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்: ஒவ்வொரு புதிய முகப்பிலிருந்தும், அடுக்குக்கு ஒரு கிலோ வீதம், வெட்டிய வாரத்திலேயே கல் எடுத்து, இடம், ஆழம், தேதி எழுதிய பையில் அடைத்து, அரசுக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்தில் அம்மோனைட்டுகளுக்கு அருகே அதற்கு ஓர் அறை ஒதுக்கலாம். பார்வையாளர்களுக்குக் காட்ட அதில் ஒன்றும் இருக்காது; சாம்பல் நிறக் கல் மூட்டைகள்தான் இருக்கும்.