கொதிக்கவைத்தாலும் போகாத குரோமியம்

ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போனது. ஆலை நின்ற பிறகும் மழைக்கு மழை அந்தக் குவியலிலுள்ள குரோமியம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது.

குரோமியம் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் வரும். தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் பெரும்பாலும் மண்ணிலேயே படிந்துவிடும். ஆறு இணைதிறன் குரோமியம் நன்றாகக் கரையும். மண்துகளுக்கும் அதற்கும் ஒரே எதிர்மின்னூட்டம் என்பதால் மண் அதைப் பிடித்துவைக்காது. தண்ணீர் போகுமிடமெல்லாம் கூடவே போகும். புற்றுநோயோடு தொடர்புடையதும் இந்த வடிவம்தான்.

அளவு மிகுந்தால் தண்ணீர் மஞ்சளாகும். அதற்காகத் தெளிந்த தண்ணீரை நம்பிவிடாதீர்கள். இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரில் இது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆர்.ஓ. விற்க வருபவர் காட்டும், கரைந்த மொத்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உலோகமோ, நீர் வற்ற வற்ற அடர்த்தியாகும். ஆய்வகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். அங்கேயும் ‘குரோமியம் பார்க்க வேண்டும்’ என்று எழுதிக் கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுத் தண்ணீர் பிடித்து, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.

நன்கு பராமரிக்கப்படும் ஆர்.ஓ. குரோமியத்தைப் பெருமளவு நீக்கும். அது வெளியே தள்ளும் நீரில் அதே குரோமியம் செறிந்திருக்கும். கீரைப் பாத்திக்கு விட வேண்டாம். சுத்திகரிப்பு நிலையங்களில் அன்னபேதி சேர்த்து ஆறு இணைதிறனை மூன்றாக மாற்றி, சுண்ணாம்பு கலந்து படியவைத்து வடிகட்டுவார்கள். வீட்டில் செய்து பார்க்கும் வேலையல்ல அது.

குடிக்கிறவரே வடிகட்டி வாங்கிச் சமாளிக்கட்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மீதான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டு, சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்ததிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மனு போக வேண்டும். ஆகவே ஆய்வக அறிக்கையைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். உங்கள் பகுதி நீர் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உள்ள ஆய்வு முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் கிடையாது.