கடைசிப் பாடம் முதலில்

சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கலம் காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது ஏன் தணலாகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தணலைத் தாண்டி வந்தாலும் வேலை முடிவதில்லை. தரை தொட வேண்டும், அதுவும் உடையாமல்.

2024 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை காலை. கர்நாடகத்தில் சித்ரதுர்கா அருகே உள்ள விமானச் சோதனைத் தளம். விமானப் படையின் சினூக் ஹெலிகாப்டருக்குக் கீழே கட்டித் தொங்குகிறது, மறுபடி மறுபடி பயன்படுத்துவதற்கான இஸ்ரோவின் இறக்கைக் கலம் ‘புஷ்பக்’. மூக்கிலிருந்து வால்வரை ஆறரை மீட்டர். விமானி இல்லை, என்ஜினும் இல்லை. 4.5 கி.மீ. உயரத்தில் பிடி விடுகிறது. இனி அது பாடு.

“விமானம் தினமும்தானே இறங்குகிறது, இதில் என்ன அதிசயம்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பயணிகள் விமானம் அந்த உயரத்திலிருந்து ஓடுபாதைக்கு இறங்கிவர 80 கி.மீ.க்கும் மேல் தூரம் எடுத்துக்கொள்ளும். மலைச்சாலையில் பஸ் இறங்குவது போல நிதானமான சரிவு. புஷ்பக் விடப்பட்ட இடத்திலிருந்து ஓடுபாதை 4.5 கி.மீ. தொலைவில்தான். நாலரை உயரத்துக்கு நாலரை தூரம்! கணக்குப் பிசகினால் விமானி என்ஜினை முடுக்கி, மேலே ஏறி இன்னொரு வட்டம் அடித்து வரலாம். இதற்கு அந்த வழியே கிடையாது.

பெரிய இறக்கை வைத்தால் மெதுவாக மிதந்து வருமே? வைக்க முடியாது. நொடிக்கு ஏழரை கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் வரும் உடலுக்கு நீண்டு மெலிந்த இறக்கை இருந்தால் முதலில் கருகுவது அதுதான். மழுங்கிய மூக்கு, குட்டை இறக்கை, தடித்த விளிம்பு, இதுதான் வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் உருவம். மேலே உயிர்காத்த அதே உருவம் கீழே வந்ததும் மிதக்க மறுக்கிறது. ஆகவே வேகத்தை வைத்துத்தான் அதைத் தாங்க வேண்டும். தரை தொடும்போது பயணிகள் விமானத்தின் வேகம் மணிக்கு 260 கி.மீ. என்றால், போர் விமானத்துக்கு 280. புஷ்பக் தொட்டது 320-க்கும் மேலே.

இது மூன்றாவது சோதனை. 2023 ஏப்ரல் 2-ல் நடந்த முதல் சோதனையில் நேர்க்கோட்டில் விட்டார்கள். 2024 மார்ச் 22-ல் ஓடுபாதையின் கோட்டிலிருந்து 150 மீட்டர் விலக்கி விட்டார்கள். ஜூனில் 500 மீட்டர் விலக்கம், போதாததற்குக் காற்றும் பலமாக அடித்தது. வேண்டுமென்றே தப்பான இடத்தில் விட்டு, வழி கண்டுபிடித்து வா என்று சொல்லும் சோதனை. விழுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் உடலைச் சாய்த்துத் திரும்பி, கோட்டுக்கு வந்து, மறுபடி நிமிர்ந்து, கடைசியில் மூக்கைத் தூக்க வேண்டும். தரை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை ரேடார் உயரமானி சொல்கிறது. இருக்கும் இடத்தை இந்தியாவின் ‘நாவிக்’ வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் சொல்கின்றன. செயற்கைக்கோளைப் போலவே சிக்னல் அனுப்பும் கருவிகள் தரையிலிருந்தும் சொல்கின்றன. சக்கரம் தரையில் பட்டதும் பின்னால் பாராசூட் விரிந்து வேகத்தை ஏறக்குறைய 100 கி.மீ.க்குக் கொண்டுவந்தது. பிறகுதான் பிரேக். ஓடுபாதையின் நடுக்கோடு தப்பாமல் வந்து நின்றது.

மார்ச்சில் இறங்கிய அதே உடலைத்தான் ஜூனிலும் எந்த மாற்றமும் செய்யாமல் விட்டார்கள் என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி. மறுபடி பயன்படுத்துவது என்றால் அதுதானே.

இப்படிக் கடைசிப் பாடத்தை முதலில் படிப்பது இஸ்ரோ மட்டும் கண்ட வழி அல்ல. ஜப்பான் 1996-ல் ஆஸ்திரேலியாவின் வூமெராவில் தன் இறக்கைக் கலத்தின் சிறிய மாதிரியை ஹெலிகாப்டரிலிருந்து 13 முறை விட்டுப் பார்த்தது. அமெரிக்காவின் எக்ஸ்-37, 2006 ஏப்ரலில் முதல்முறை தனியாகச் சறுக்கி இறங்கியபோது ஓடுபாதையைத் தாண்டி ஓடிச் சேதப்பட்டது. அதன் வாரிசுதான் பின்னாளில் ஒரே பயணத்தில் 908 நாட்கள் விண்ணில் இருந்துவிட்டு 2022 நவம்பரில் பத்திரமாக இறங்கியது.

சோவியத்தின் ‘புரான்’ விண்கலத்தின் கதையைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க மனம் வரவில்லை. ஜெட் என்ஜின் பொருத்திய அதன் மாதிரியை இருபது தடவைக்கு மேல் பறக்கவிட்டு இறக்கிப் பழகியிருந்தார்கள். 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் பூமியை இரண்டு முறை சுற்றிவிட்டு, அசல் புரான் பைக்கனூருக்குத் திரும்பியது. ஓடுபாதையை நெருங்கும் சமயத்தில், யாரும் எதிர்பாராத பக்கம் சட்டென்று திரும்பியது. தரையில் இருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஆனால் கணினி தடுமாறவில்லை. பலத்த காற்றில் மிச்சமிருந்த வேகத்தைக் கரைக்க வேறு வழியைத் தேர்ந்திருந்தது, அவ்வளவுதான். மணிக்கு 60 கி.மீ. பக்கக் காற்றிலும் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் மட்டுமே விலகித் தரை தொட்டது.

நமக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை. 2016 மே 23-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் மேல் ஏறிய நம் முதல் இறக்கைக் கலம் 65 கி.மீ. உயரம் தொட்டு, ஒலியைப் போல 5 மடங்கு வேகத்தில் இறங்கி, 450 கி.மீ. தள்ளி வங்கக் கடலில் விழுந்தது. ஓடுபாதையில் இறங்கும் திட்டம் அதற்கு இல்லை. அடுத்த அடி வைக்க ஏழு ஆண்டுகள் ஆனதில் எனக்கு வருத்தம் உண்டு. சுற்றுப்பாதையிலிருந்து வருவதோ ஒலியைப் போல ஏறக்குறைய 25 மடங்கு வேகத்தில். வேகம் 5 மடங்கு கூடினால் கரைக்க வேண்டிய ஆற்றல் 25 மடங்கு. வெப்ப ஓடுகள் அதைத் தாங்குமா என்பதை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுப் பார்க்க முடியாது. ஆகவே இஸ்ரோ அடுத்து இதைவிடப் பெரிய கலம் ஒன்றை ராக்கெட்டில் ஏற்றிச் சுற்றுப்பாதைக்கு அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது. அது திரும்பி வரும்போது, சித்ரதுர்காவில் மூன்று காலைகளில் பழகிய அந்தக் கடைசி நாலரை கி.மீ. அதற்குப் புதிதாக இருக்காது.

(தொடரும்)