உங்களுக்குத் தெரியுமா? பெயர் ஒன்று, இசை வேறு!

ஒரே பெயர், ஒரே இனிஷியல். ஆனால் பாடியதும் வாசித்ததும் முற்றிலும் வேறு. அப்படிச் சிலரை அறிவோமா?

● நம் நாவலப்பிட்டியில் 1921இல் பிறந்தவர் சி.டி. பெர்னாண்டோ. இழைந்து வரும் சிங்கள மெல்லிசை அவருடையது. 'பின்சிதுவன்னே' இன்றும் வானொலியில் ஒலிக்கிறது. இன்னொரு பெர்னாண்டோ, 'பைலா சக்கரவர்த்தி' எம்.எஸ். பெர்னாண்டோ. ஆறெட்டுத் தாளம் தொடங்கியதும் கல்யாண வீடே எழுந்து ஆடும்.

● அந்த 'எம்.எஸ்.' என்ற இரண்டு எழுத்துக்கும் சொந்தக்காரர்கள் பலர். கர்நாடக இசை ரசிகருக்கு எம்.எஸ். என்றால் சுப்புலட்சுமி: 'எம்' பிறந்த மதுரை, 'எஸ்' தாயார் சண்முகவடிவு. சினிமா ரசிகருக்கோ மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன்.

● டி.ஆர். மகாலிங்கம் இருவர். ஒருவர் தென்கரைக்காரர், 'ஸ்ரீவள்ளி' (1945) படத்தால் புகழ் பெற்ற நடிகர், பாடகர். 'திருவிளையாடல்' (1965) படத்தின் பாணபத்திரர் இவரே. மற்றவர் 1926இல் திருவிடைமருதூரில் பிறந்த புல்லாங்குழல் மேதை. துளைகளைப் பாதி மூடியும் திறந்தும், உதட்டின் அழுத்தத்தை மாற்றியும், வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலுக்குள் கொண்டுவந்தவர். இவரை 'மாலி' என்றால்தான் பலருக்கும் தெரியும்.

● திருவையாற்றில் தெலுங்குக் கீர்த்தனைகள் பாடிய தியாகராஜ சுவாமிகள் 1767 முதல் 1847 வரை வாழ்ந்தவர். அவர் பெயரைக் கொண்ட எம்.கே. தியாகராஜ பாகவதர் (1910–1959) தமிழ்த் திரையின் முதல் உச்ச நட்சத்திரம். பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) மூன்று தீபாவளி கண்ட படம். அவருக்குப் பாட்டெழுதிய பாபநாசம் சிவனுக்கும் ஒரு பட்டம் உண்டு: 'தமிழ்த் தியாகராஜர்'!

● 1970களில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு 'சக்தி' இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் வயலின் எல். சங்கரும் ஒருவர். இவருடைய பிள்ளைப் பருவம் யாழ்ப்பாணத்தில் கழிந்தது, தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை ஆசிரியர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குப் போனது. பின்னாளில் அதே குழுவில் பாட வந்தவரும் ஒரு சங்கர்தான்: சங்கர் மகாதேவன். 2024இல் 'சக்தி' கிராமி விருது வாங்கியபோது வயலின் வாசித்தவர் கணேஷ் ராஜகோபாலன். தமிழ்த் திரையிசை தந்த 'சங்கர் – கணேஷ்' இரட்டையர் வேறு, இந்தச் சங்கரும் கணேஷும் வேறு.

● 'வீணை' எஸ். பாலசந்தரையும் இயக்குநர் கே. பாலசந்தரையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. வீணைக் கலைஞரும் படம் இயக்கியவர் என்பதே காரணம். அவருடைய 'அந்த நாள்' (1954) படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது.

● காக்கிநாடாவில் பிறந்த பி.பி. ஸ்ரீநிவாஸ், பட்டுப் போன்ற குரலால் ஜெமினி கணேசனுக்குப் பாடினார். அதே கோதாவரிப் பகுதியில், பாலகொல்லுவில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்சார மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்துச் சிறு வயதிலேயே சபைகளை வியக்க வைத்தார். மக்கள் அவரை 'மாண்டலின்' ஸ்ரீநிவாஸ் என்றே அழைத்தார்கள். வாத்தியத்தையோ ஊரையோ பெயரோடு சேர்த்துச் சொல்வது நம்மவரின் நல்ல பழக்கம். கைப்பேசியில் ஒரு பாட்டைப் பகிரும்போதும் அப்படியே எழுதுவோம். ஒருவர் உழைப்பு இன்னொருவர் கணக்கில் சேரக் கூடாது.