விதை பிடிக்க நேரமில்லாத காடு

2009 ஜனவரி கடைசி வாரத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் மூன்று நாட்கள் விடாமல் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. பூங்காக்களில் புல் சருகாகிப் போனது. அடுத்த வாரம், பிப்ரவரி 7 சனிக்கிழமை, 46.4 டிகிரி. ஒன்றரை நூற்றாண்டு வெப்பப் பதிவில் அந்த நகரம் அதற்கு முன் அப்படியொரு நாளைப் பார்த்ததில்லை. வடக்கே வறண்ட உள்நாட்டிலிருந்து அனல்காற்று சுழற்றியடித்துக்கொண்டிருந்தது. முற்பகலில், கில்மோர் ஈஸ்ட் என்ற ஊருக்கு அருகே ஒரு மின்கம்பி அறுந்தது.

அந்தக் கம்பியிலிருந்து பற்றிய தீ மட்டும் 119 உயிர்களைக் குடித்தது. அன்று விக்டோரியா மாநிலமெங்கும் எரிந்த தீயில் மாண்டவர்கள் 173 பேர். கிங்லேக், மேரிஸ்வில் போன்ற மலையூர்களில் தெருத்தெருவாக வீடுகள் சாம்பலாயின.

இவ்வளவு பேர் இறந்ததற்கு வெப்பம் மட்டும் காரணமில்லை. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் கோடையில் காற்றுக்கு ஒரு கொடிய பழக்கம் உண்டு. பகலெல்லாம் வடக்கிலிருந்து வீசும். தீயும் ஒடுங்கிய நாக்காகத் தெற்கு நோக்கி நீளும். மாலையில் குளிர்ந்த காற்று தென்மேற்கிலிருந்து புகும். வெயிலில் வெந்தவர்களுக்கு அது ஆறுதல். ஆனால் தீயின் நீண்ட பக்கவாட்டு விளிம்பு முழுவதும் அந்த நொடியில் முகப்பாக மாறிவிடுகிறது. அதுவரை ஒரு முனையில் முன்னேறிய நெருப்பு, பல கிலோமீட்டர் அகலத்துக்குச் சுவராக எழுந்து வேறு திசையில் பாய்கிறது. தீ நம்மைக் கடந்து போய்விட்டது என்று நம்பியிருந்தவர்களை நோக்கித்தான் அது அன்று திரும்பியது.

அந்த நாட்டு மக்கள் இத்தகைய நாட்களுக்குக் கறுப்பு என்ற அடைமொழியோடு பெயரிடுகிறார்கள். 1851இல் கறுப்பு வியாழன்: விக்டோரியாவின் கால் பங்கு நிலம் எரிந்தது. 1939 ஜனவரியில் கறுப்பு வெள்ளி: 71 பேர் பலி. டாஸ்மானியாவில் 1967இல் கறுப்புச் செவ்வாய்: 62 பேர். 1983இல் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்றே தீ மூண்டதால், அதற்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. அன்று இறந்தவர்கள் 75 பேர்.

ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் வீட்டில் நீலகிரித் தைலக் குப்பி ஒன்று இருக்கும். அந்தத் தைல மரத்தின் தாய்நாடு ஆஸ்திரேலியா. விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்தது. மூக்கடைப்பை நீக்கும் அந்த எண்ணெய்தான் இலைகளைத் தீக்கு இரையாக்குகிறது. பல வகை மரங்களில் பட்டை நீள நாடாக்களாக உரிந்து தொங்கும். தீப்பிடித்த நாடாவைக் காற்று தூக்கிச் சென்று, சில சமயம் 30 கிலோமீட்டருக்கு அப்பால் கூட, புதிய தீயை மூட்டுகிறது. எத்தனை தீயணைப்பு வண்டிகள் நிறுத்தினாலும் அந்தப் பொறியை மறிக்க முடியாது.

ஆனாலும் இந்தக் காடுகள் தீயோடு வாழப் பழகியவை. கருகிய அடிமரத்தின் பட்டைக்குள் ஒளிந்திருக்கும் மொட்டுகள் சில வாரங்களில் பச்சைத் துளிர்களாக வெளிவரும். பாங்ஸியா என்ற செடியின் பல இனங்களில், சூடு பட்டால்தான் காய் வெடித்து விதை உதிரும். தீ காட்டின் எதிரி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. இரண்டு தீக்களுக்கு இடையே காட்டுக்கு எத்தனை ஆண்டு ஓய்வு கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த ஓய்வு இப்போது சுருங்கி வருகிறது. விக்டோரியாவின் உயர்ந்த மலைகளில் வளரும் ஆல்பைன் ஆஷ் என்ற மரத்தைப் பார்த்தால் இது புரியும். தைல மர இனம்தான். ஆனால் கடுந்தீயில் கருகினால் மீண்டும் துளிர்க்காது, செத்துவிடும். உச்சிக் கிளைகளில் சேர்த்துவைத்த விதைகள் சாம்பலில் விழுந்து முளைப்பதே அதன் மறுபிறவி. அந்த நாற்று விதை பிடிக்கச் சுமார் 20 ஆண்டுகள் ஆகும். அம்மலைகளிலோ 2003இல் பெருந்தீ, 2006-07இல் மறுபடியும், 2013இல் இன்னொன்று. இரண்டாம் முறை எரிந்த சரிவுகளில் இளங்கன்றுகள் கருகின. உதிர்வதற்கு விதை இல்லை. அங்கே காடு புதராக மாறத் தொடங்கியது.

பிறகு வந்தது 2019. ஆஸ்திரேலியா பதிவு செய்ததிலேயே அதிக வெப்பமும் மிகக் குறைந்த மழையும் கொண்ட ஆண்டு அது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடேறி, சுமத்ரா அருகே நீர் குளிர்ந்ததால், கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம், ஆஸ்திரேலியாவில் வறட்சி. அக்டோபர் 26 அன்று சிட்னிக்கு வடமேற்கே ஒரு மின்னல் மூட்டிய தீ, ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்றது. டிசம்பர் 31 காலையில் மல்லகூட்டா என்ற கடற்கரை ஊரில், வானம் இருண்டு பிறகு சிவக்க, சுமார் 4,000 பேர் கடலோரத்தில் ஒதுங்கி நின்றார்கள். சாலைகள் துண்டிக்கப்பட்டதால் கடற்படைக் கப்பல் வந்து பலரை ஏற்றிச் சென்றது.

அந்தப் பருவத்தில் நாடு முழுவதும் எரிந்த நிலம் 2.4 கோடி ஹெக்டேருக்கு மேல். தமிழ்நாட்டின் பரப்பளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். புகையால் இறந்தவர்கள் சுமார் 417 பேர் என்று மருத்துவ ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தீயின் ஓரம்கூடப் பார்க்காத நகரவாசிகளும், ஆஸ்துமாக்காரர்களும், இதய நோயாளிகளும் அதில் அடக்கம். இந்தக் கணக்கு செய்திகளில் அதிகம் பேசப்படவில்லை, பேசப்பட்டிருக்க வேண்டும். இறந்தோ இருப்பிடம் இழந்தோ போன விலங்குகள் ஏறக்குறைய 300 கோடி.

வடக்கே ஆர்ன்ஹெம் லேண்டில் பழங்குடி மக்கள் வேறொரு வழியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து புல்லில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, திட்டுத்திட்டாகத் தணிந்த தீ வைப்பார்கள். பின்னால் வரும் பெருந்தீக்கு அங்கே தின்ன எதுவும் இருக்காது. பல தலைமுறை அறிவு அது. 2006 முதல் மேற்கு ஆர்ன்ஹெம் லேண்டில், முதியோரின் அந்த அறிவோடு ஹெலிகாப்டரும் சேர்ந்து பெரிய அளவில் இந்த வேலை நடக்கிறது. ஆனால் புல்வெளிக் காட்டுக்குப் பொருந்துவது தெற்கின் ஈர மலைக்காட்டுக்கு அப்படியே பொருந்தாது. குளிர்ந்த நாட்களில் அங்கே பற்றவே பற்றாது. பற்றும் நாட்களிலோ அடங்காது.

ஆகவே ஆல்பைன் ஆஷ் காடுகளுக்கு மனிதர்கள் விதை சுமக்கிறார்கள். உயரமான மரங்களில் ஏறிக் கிளை வெட்டி, காய் உலர்த்தி, விதை பிரித்துச் சேமிக்கிறார்கள். 2020இல் பனி விழும் முன்பே, எரிந்த சரிவுகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து அவற்றைத் தூவினார்கள். பனிக்குளிரில் கிடந்து எழுந்தால்தான் அந்த விதை முளைக்கும். அன்று முளைத்த கன்றுகள் முதல் விதை பிடிக்க 2040 ஆகும். அதுவரை அந்தச் சரிவுகளில் தீ வரக் கூடாது.